சட்டத்துக்குள் மறையும் சாட்சி

பழைய ரோமின் சின்னங்களைக் காட்டும் அச்சுப்படங்களைச் சட்டம் போட்டு மாட்டுபவர்கள் பெரும்பாலும் அவற்றைச் சுவருக்கு அழகு என்றே எண்ணுகிறார்கள். இந்த வகையில் தலைசிறந்தவை ஜொவான்னி பத்திஸ்தா பிரானேசி (1720–1778) செப்புத்தகட்டில் அமிலம் கொண்டு அரித்து உருவாக்கிய ரோம் காட்சிகள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அவர் 135 தகடுகள் செய்தார். அவற்றை அலங்காரம் என்று ஒதுக்குவது தவறு. இன்று நாம் காண முடியாத ஒரு ரோமுக்கு அவை சாட்சி. கி.பி. 203இல் எழுந்த செப்டிமியஸ் செவரஸ் வளைவு அவர் படத்தில் அடிப்பகுதி மண்ணில் புதைந்து நிற்கிறது. மாடுகள் திரிந்த அந்த மேட்டை 19ஆம் நூற்றாண்டில்தான் தோண்டி அகற்றினார்கள். பாந்தியன் கோயிலின் முகப்புக்கு மேல் அவர் வரைந்த இரட்டை மணிக்கூண்டுகள் 17ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டு, 1883இல் இடிக்கப்பட்டவை.

பிரானேசி மிகைப்படுத்துபவர் ஆயிற்றே, அவரை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மனித உருவங்களைச் சிறுக்க வைத்துக் கட்டடங்களை மலையாக்கியவர் அவர். 1786இல் ரோமுக்கு வந்த ஜெர்மானியக் கவிஞர் கதேகூட, அவர் படங்கள் வளர்த்த எதிர்பார்ப்புக்குக் காரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகள் ஈடாகவில்லை என்றே கண்டார். ஆனால் அளவில் பொய் சொன்னவர் எல்லாவற்றிலும் பொய் சொன்னார் என்றாகாது. அதே செவரஸ் வளைவு புதைந்து கிடப்பதை 1742இல் வெனிஸ் ஓவியர் கனலெத்தோவும் தீட்டியிருக்கிறார். ரோமின் பெருமையே உயிர்மூச்சாக இருந்த பிரானேசிக்கு, பழங்கோயிலின் தலையில் பிற்காலத்தார் ஏற்றிய கூண்டுகளைக் கற்பனையில் சேர்க்க எந்தத் தேவையும் இல்லை. ஆகவே உயரத்தை அவரிடம் கேட்க வேண்டாம். எது இருந்தது, எது புதைந்திருந்தது என்பதைக் கேட்கலாம்.

சுவரில் தொங்கும் படத்தில் வரலாறு படிப்பவர் யார் என்பது அடுத்த மறுப்பு. பிரானேசி படிப்பவரை எண்ணித்தான் வேலை செய்தார். பல படங்களில் கட்டடங்களுக்கு எண்ணிட்டு, அடியில் விளக்கமும் பொறித்தார். அழகுக்காக அந்த அடிப்பகுதியை வெட்டிவிடுவதோ அட்டை விளிம்பால் மூடுவதோதான் ஆவணத்தை வெறும் அலங்காரமாக்குகிறது. சுவரைப் பார்த்துப் படித்தவர்களும் உண்டு: கதேயின் தந்தை ஃபிராங்ஃபர்ட் வீட்டில் மாட்டியிருந்த ரோம் காட்சிகளைப் பார்த்துத்தான் சிறுவன் கதே அந்நகரை முதலில் அறிந்தான். சுவர் கற்பிக்கும், சட்டம் போடுபவர் எழுத்துக்கும் இடம் விட வேண்டும், அவ்வளவே.