ஆபுத்திரன் தவறவிட்ட கப்பல்

சென்ற மாதம் என் அக்காள் மகன் ஒரு பயணத் திட்டத்தோடு வீட்டுக்கு வந்தான். மதுரையிலிருந்து சொந்தக் காரில் புறப்பட்டு ஏழு நாட்கள். நடுவில் கடல் கடந்து யாழ்ப்பாணத்துத் தீவுகள். எந்த ஊரில் எத்தனை மணிக்குக் காப்பி என்பது வரை கட்டம் கட்டமாகக் கணினியில் அடித்து, அச்செடுத்து வந்திருந்தான். படகுக்கான கட்டத்தில் ‘நாகை – காங்கேசன்துறை, 4 மணி நேரம்’ என்று மட்டும் இருந்தது. இறங்கிய அன்று மாலையே நல்லூர், மறுநாள் காலை நயினாதீவு, மாலை நெடுந்தீவு, அதற்கடுத்த நாள் திருகோணமலை, பிறகு அநுராதபுரம், திரும்பப் படகு.

“டைட்டாத்தான் இருக்கு மாமா. ஆனா முடிச்சிரலாம்” என்றான்.

முடியாது என்று சொன்னேன். முடிந்தாலும் அப்படிப் போகக்கூடாது என்பதுதான் நான் சொல்ல விரும்பியது. அதை அவனிடம் அப்போது சரியாக விளக்க இயலவில்லை. பேச்சில் கைகூடாததை எழுத்தில் சொல்லிப்பார்க்கிறேன்.

மதுரைக்காரர்களாகிய நமக்குக் கடல் ஒரு விசித்திரமான தொலைவில் இருக்கிறது. ராமேசுவரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஆனால் கடல் நம் அன்றாடத்தில் இல்லை. கரிசலும் கண்மாயும் கருவேலமும் கண்டு பழகிய கண்களுக்குப் பாம்பன் பாலத்தின் மேல் வண்டி ஏறும்போதுதான் சட்டென்று உலகத்தின் இன்னொரு பாதி தென்படுகிறது. வைகை அப்படியல்ல. அது நம்மைக் கடந்து திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று போய் ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்தால் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைச் சேர்கிறது. அதன் பக்கத்திலிருக்கும் அழகன்குளத்தில் அகழ்ந்தபோது ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானையோடு ஒன்றும் கிடைத்தன. பாண்டியர் தலைநகருக்கும் கடலுக்கும் இடையே ஒரு காலத்தில் நெருக்கமான போக்குவரவு இருந்ததற்கு அந்த ஓட்டுத்துண்டு போதும். அவனுடைய கட்டத்தில் அழகன்குளம் இல்லை. முதல் திருத்தமாக அதை எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டான், முகம் சற்றுக் கோணலாக.

இந்தக் கடலைக் கடப்பது எளிதாக இருந்த காலம் ஒன்றுண்டு. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடித் துறைவரை சென்றது. அங்கிருந்து நீராவிக் கப்பல். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்குக் காத்திருக்கும் ரயில். ‘போட் மெயில்’ என்ற பெயர் அப்படி வந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் முற்பகுதியில், இலங்கையில் போர் மூண்ட காலத்தோடு நின்றது. ஆனால் அந்தக் கடப்பை ஏக்கத்தோடு மட்டும் நினைப்பதற்கில்லை. மண்டபம் முகாம் என்று இன்றும் வழங்கும் இடம், தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் பக்கத்துக் கூலிச் சனங்களைத் தொற்றுநோய்க்கு அஞ்சித் தடுத்து வைத்துப் பரிசோதித்த இடம். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தலைமுறைகள் கழித்துத் திரும்பியவர்களும் தலைமன்னாரிலிருந்து அதே வழியாகத்தான், மண்டபத்தில் இறங்கி, முன்பின் பார்த்திராத ‘சொந்த ஊர்’களுக்குச் சிதறினார்கள். அவர்களுக்குப் படகு விடுமுறையன்று.

காருக்கும் இந்தக் கடலுக்கும் உள்ள உறவு இன்னும் வேடிக்கையானது. 1988 அக்டோபரில் சாலைப்பாலம் திறக்கும்வரை ராமேசுவரத் தீவுக்குள் காரோட்டிப் போக வழியில்லை. மண்டபத்தில் ரயிலின் திறந்த வண்டியில் காரை ஏற்றி மறுகரையில் இறக்குவார்கள். ரயில் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்ப முடியும். இப்போது 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. புயல் தின்ற ஊரின் நடுவே வண்டியை விட்டு இறங்காமலே போய்த் திரும்பிவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். வளைவில் வண்டியைத் திருப்பி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் மதுரை.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் காரையே விழுங்கிக்கொண்டு போகும் கப்பல்கள் உண்டு. மக்கள் அந்தக் கப்பல்களின் அட்டவணையைச் சுற்றியே தம் விடுமுறையைப் பின்னுகிறார்கள். நம் நாட்டிலும் குஜராத்தின் கோகாவிலிருந்து ஹசிராவுக்குக் காரும் லாரியும் ஏறும் கப்பல் ஓடுகிறது. கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018இலிருந்து அத்தகைய படகு இருக்கிறது. பாக் நீரிணையில் இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய படகு சில நாட்களிலேயே நின்றது. பிறகு 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டும் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு நிறுத்தி, 2025 பிப்ரவரியில் மறுபடி கிளம்பியது. ஏறக்குறைய 110 கிலோமீட்டர் கடல். அது மனிதர்களையும் அவர்களுடைய மூட்டைகளையும் மட்டுமே ஏற்றும். ஆகவே காரில் செல்லும் பயணம் என்று பேர்தானே ஒழிய, கார் நாகையில் ஏதோ ஒரு விடுதியின் வேப்பமரத்தடியில் நமக்காகக் காத்திருக்கப்போகிறது. மறுகரையில் ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே உத்தமம். அங்கும் சாலையில் இடப்பக்கம்தான் என்றாலும் நம் ஓட்டுநர் உரிமம் மட்டும் அங்கே போதாது.

காரை ஏற்றும் கப்பல் வந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வராதவரை, வண்டியைத் துறைமுக வாசலில் விட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டும் அந்தக் கணத்தையே இந்தப் பயணத்தின் மையமாகக் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. கார் நம் நேரத்துக்கு இயங்குகிறது. படகு காற்றின் நேரத்துக்கு இயங்குகிறது. முதலாவதின் கணக்கை இரண்டாவதின் மேல் ஏற்றினால் கடல் நமக்கு ஒரு தடங்கலாக மட்டுமே தெரியும். காற்று அடித்துப் படகு நின்ற அன்று நாம் செய்யக்கூடியது யாரையாவது ஏசுவது மட்டும்.

இலக்கியம் படித்தவர்களுக்கு இங்கே ஆபுத்திரன் நினைவு வராமல் இராது. மணிமேகலையை இயற்றிய கூலவாணிகன் சாத்தனார் மதுரைக்காரர். தானியம் விற்றவர் பசியைப் பற்றிக் காப்பியம் எழுதியது பொருத்தந்தான்; கப்பலைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆபுத்திரன் அமுதசுரபியைப் பெற்றது மதுரையில், சிந்தாதேவியின் கோயிலில். பிறகு இந்திரனின் சினத்தால் பாண்டிநாட்டில் மழை பெருகி வளம் கொழித்ததும் அவனிடம் சோறு கேட்க ஆளில்லாமல் போயிற்று. சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிவதாகக் கேள்வியுற்றுக் கப்பலேறினான். வழியில் காற்றுக்கு அஞ்சிக் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கியது. இவன் இறங்கிப்போனான். இவன் ஏறிவிட்டான் என்று எண்ணி அவர்கள் இரவில் பாய் விரித்துவிட்டார்கள். ஆளில்லாத் தீவில், எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உண்ண ஒருவருமின்றித் தான்மட்டும் உண்ண மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சிலர் சொல்வார்கள், வேறிடம் என்போரும் உண்டு. அந்த வழக்கில் நான் இறங்கவில்லை. என்னை உறுத்துவது வேறு. ஒரு மதுரைக்காரன் தீவில் கப்பலைத் தவறவிட்ட அந்த இடத்தில், அவனுக்குப் பெருந்துயரமாக இருந்தது தன் பசியன்று; கையில் இருப்பது பிறருக்குப் போய்ச்சேரவில்லையே என்பது. படகில் நமக்கு இடம் கிடைத்ததா என்பதையே கேட்டுப் பழகிய நாம், நம்மால் யாருக்கு இடம் இல்லாமற்போனது என்று கேட்பதில்லை.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வரோடு விமானத்தில் சென்று நெடுந்தீவுக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று தரைவழியே போய்க் குறிகட்டுவான் துறையில் படகு. ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். பவளக்கல் அடுக்கிய வேலிகள், கட்டின்றி மேயும் குதிரைகள், பருத்த பெருக்கமரம் எல்லாம் பார்த்தோம். மாலையில் திரும்பும்போது இறங்குதுறையில் எங்களைப்போல் ஊர்பார்க்க வந்தவர்கள் பலர். முண்டியடித்து ஏறினோம். படகு நிறைந்தது. கரையில் நின்றவர்களில் ஒரு முதியவர் மருத்துவமனைக் காகிதங்கள் செருகிய பிளாஸ்டிக் பையை மார்போடு பிடித்திருந்தார். அவர் சத்தமிடவில்லை. எங்களைப் பார்க்கவுமில்லை, படகின் பின்புறம் கிளம்பிய புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு படகில் வந்திருக்கலாம், மறுநாள் வந்திருக்கலாம். எழுந்து இடம் கொடுக்க எனக்குத் தோன்றியபோது கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். உண்மையில் தோன்றியதற்கும் கயிறு அவிழ்ந்ததற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருந்தது.

அந்தக் கடலின் கணக்கே வேறு. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் சென்ற தீவு மக்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களும் ஏதோ அலுவலாக, சந்தைக்கோ வைத்தியத்துக்கோ கிளம்பியவர்கள். ஈழத்தில் ஆற்றையும் களப்பையும் கடக்க உதவும் மிதவைக்குப் ‘பாதை’ என்றே பெயர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில், கடற்கோட்டையைப் பார்த்தபடி, ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் சுமந்து போகும் பாதை ஒன்று உண்டு. சாலை அறுந்த இடத்தில் தண்ணீர்மேல் தொடரும் சாலை, அழகான சொல். ஆனால் 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாததால் ஓட்டப்பட்ட அத்தகைய பாதை ஒன்று கவிழ்ந்து பள்ளிப்பிள்ளைகள் இறந்தார்கள். நாம் வியந்து படமெடுக்கும் மிதவையில் அங்கே ஒரு பிள்ளை புத்தகப்பையோடு தினமும் நிற்கிறது.

ஆகவே மருமகனின் கட்டங்களில் நான் செய்த வெட்டுகள் இவை. திருகோணமலை, அநுராதபுரம் இரண்டும் இல்லை. முதல் நாள் அழகன்குளம் வழியாக ராமேசுவரம். இரண்டாம் நாள் காலையில் தனுஷ்கோடி. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, மீமிசல், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று நாகை. வழியில் கோடியக்கரைக்குத் திரும்பினால் இருட்டிவிடும், திரும்பக்கூடாது. மூன்றாம் நாள் படகு. நான்காம் நாள் நயினாதீவு மட்டும், அதுவும் அலுவலர்களும் மாணவர்களும் போய்ச்சேர்ந்த பின் புறப்படும் படகில். நெடுந்தீவுக்குப் போவதானால் அங்கே ஓரிரவு தங்க வேண்டும். கடைசிப் படகுக்கு முண்டுவதில்லை. ஐந்தாம் நாள் கட்டம் வெறுமையாக இருக்கட்டும் என்றேன். காற்று அடித்தால் நாகையிலோ தீவிலோ கழியும். அடிக்காவிட்டால் ஊர்காவற்றுறைப் பாதையில் இரண்டு முறை போய் வரலாம். ஆறாம் நாள் திரும்பும் படகு, ஏழாம் நாள் திருச்சி வழியாக மதுரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த எண்ணமே கூடாது.

“ஒரு நாள் வேஸ்ட்டாப் போகுமே மாமா” என்றான். அவன் அலுவலகத்தில் ஆண்டுக்குக் கிடைப்பது பன்னிரண்டு நாள் விடுமுறை. அதில் ஏழை இதற்குத் தருகிறான். அவன் வருத்தம் நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். விடுப்பு குறைந்தவனுக்குக் காத்திருப்பும் ஓர் ஆடம்பரமே. அதனால்தான் தீவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறேனே தவிர நாட்களைக் கூட்டச் சொல்லவில்லை.

அக்காளும் வருகிறேன் என்கிறாள். எழுபது வயதில் அவளுக்கு முதல் கடவுச்சீட்டு. கடல் குமட்டுமா என்று இருமுறை கேட்டாள். குமட்டும், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள் என்றேன். மீனாட்சிபுரத்துக் காவல் நிலையத்திலிருந்து இன்னும் விசாரணைக்கு வரவில்லை. வந்து, சீட்டும் கைக்கு வந்தபிறகுதான் பிப்ரவரியா மார்ச்சா என்று முடிவாகும்.