சொத்து யாருடையது?

ஜார்ஜ் குளூனி என்னும் அமெரிக்க நடிகர் தாமே டைரக்டு செய்து, தாமே கதாநாயகராகவும் நடித்து 2014-இல் வெளியிட்ட "மான்யுமெண்ட்ஸ் மென்" என்ற சினிமாவைப் பத்திரிகை விமர்சகர்களில் பலர் கைகழுவி விட்டார்கள். ஹிட்லர் கூட்டத்தார் ஐரோப்பாவெங்கும் கொள்ளையடித்து உப்புச் சுரங்கங்களில் பதுக்கிய சித்திரங்களையும் சிலைகளையும், நேச நாட்டுச் சேனையைச் சேர்ந்த கலை நிபுணர்கள் தேடிப் பிடித்த சங்கதிதான் கதை. படத்தில் விறுவிறுப்பில்லை, இது வேடிக்கைப் படமா சோகப் படமா என்று விளங்கவில்லை என்பவையே அவர்கள் சொன்ன குற்றங்கள். அவற்றை மறுக்க நாம் வரவில்லை. ஆனால், சோற்றில் உப்பில்லை என்று சண்டைக்கு நிற்பவர்கள், அரிசி யார் வீட்டு அரிசி என்று கேட்க வேண்டாமா?

பாரிஸ் நகரத்து ஜூ தெ போம் மியூசியத்தில்தான் நாஜிகள் கொள்ளைச் சாமான்களைக் குவித்தார்கள். அங்கே வேலை பார்த்த ரோஸ் வலாண்ட் என்ற ஸ்திரீ, தமக்கு ஜெர்மன் பாஷை தெரியும் என்பதையே காட்டிக்கொள்ளாமல், எந்தச் சித்திரம் யாரிடமிருந்து வந்தது, எங்கே போகிறது என்று நான்கு வருஷ காலம் ரகசியமாகக் குறித்து வைத்தார். அகப்பட்டிருந்தால் தலை போயிருக்கும். இப்பேர்ப்பட்டவரைக் குளூனியின் படம் என்ன செய்தது? பெயரை மாற்றி, அமெரிக்க உத்தியோகஸ்தர் ஒருவரை விருந்துக்கு அழைத்து, இரவு தங்கிப்போகச் சொல்லும் பாத்திரமாக ஆக்கிவிட்டது! ஒரு பெண் தன் அறிவினாலும் துணிவினாலும் மட்டுமே சாதித்தாள் என்று காட்டினால் டிக்கெட்டு விற்காதோ?

ஒரு கலைப் பொருளுக்காக மனிதன் உயிரைக் கொடுக்கலாமா என்று படம் கேட்கிறது. ஆம் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறது.

வலாண்டின் நூலை ஆதாரமாகக் கொண்டு ஜான் பிராங்கன்ஹைமர் 1964-இல் எடுத்த "தி டிரெயின்" இதைவிட யோக்கியமானது. அதில் சித்திரங்களைக் கடத்தும் ஜெர்மன் கர்னல், ரயிலை மறித்த தொழிலாளியைப் பார்த்து, இவற்றின் அருமை உனக்கென்ன தெரியும், ரசிக்கத் தெரிந்தவனுக்கே அழகு சொந்தம் என்னும் பாவனையில் ஏளனம் செய்கிறான். திருடனுக்கு ரசிகன் பட்டம்! தொழிலாளி பதிலே பேசாமல் அவனைச் சுட்டுவிட்டுப் போகிறான். தண்டவாளத்தோரம் சித்திரப் பெட்டிகளும், நாஜிகள் சுட்டுத் தள்ளிய பிணையாட்களின் பிணங்களும் கிடக்கின்றன. எது பெரிதென்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் படமும் ஒரு சங்கதியை விழுங்கிவிட்டது. அச்சித்திரங்களை அது பிரான்சின் பெருமை என்று கொண்டாடுகிறது. 1944 ஆகஸ்டில் பாரிசுக்கு அருகே நிஜமாகவே பிடிபட்ட அந்த ரயிலில் இருந்தவையோ யூதர்களிடம் பறித்த சொத்துக்கள். அதைப் பிடித்த பிரெஞ்சுப் படையின் லெப்டினென்ட் அலெக்ஸாண்டர் ரோசன்பெர்க், பெட்டிகளைத் திறந்தபோது தம் தகப்பனாரின் சித்திரங்களையே கண்டார்!

யுத்தம் முடிந்தபின் ஜெர்மனியிலிருந்து பிரான்சுக்குத் திரும்பிய கலைப் பொருள்கள் சுமார் 60,000. உடையவர்களிடம் சேர்ந்தவை சுமார் 45,000. மிச்சத்தில் பெரும்பகுதியைச் சர்க்கார் விற்றுவிட்டது. சுமார் 2,000 பொருள்கள் இன்றும் மியூசியங்களின் பொறுப்பில் இருக்கின்றன. கேட்டு வர வேண்டியவர்களில் எத்தனையோ பேரை நாஜிகள் கொன்றுவிட்டார்களே, யார் வந்து கேட்பது?

குளூனியின் வீரர்களும் சுரங்கத்தில் ஒரு பீப்பாய் நிறைய மனிதரின் தங்கப் பற்களைக் காண்கிறார்கள். படம் அங்கே ஒரு கணம் நிற்கிறது. உடனே சித்திரத்தைத் தேடி ஓடிவிடுகிறது.