ஊரடங்கு வீட்டுக்கு அளித்த மரியாதை



ஊரடங்குக் காலத்தைப் பற்றிய பேச்சு எழும்போது நம் குடும்பங்களில் இருவகை நினைவுகள் மேலெழுகின்றன. முதலாவது இழப்பின் நினைவு. ஜனாஸாவில் கலந்துகொள்ள இயலாமல் போன உறவினர்கள், மூடிக் கிடந்த கடைகள், திரும்பி வர விமானம் இல்லாமல் வளைகுடாவில் சிக்கிக்கொண்ட பிள்ளைகள் எனப் பலவற்றை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டாவதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்கிறோம். அந்த நாள்களில் நம்மில் பலருடைய வீடு இனிமையாக இருந்தது என்பதே அது.

பலர் துன்புற்ற காலத்தில் நமக்குக் கிடைத்த சிறு நிம்மதியைப் பேசுவது முறையா என்னும் கூச்சம் இயல்பானதுதான். ஆயினும் அல்லாஹ் அளித்த அருட்கொடை எதுவாயினும் அதை எண்ணிப் பார்ப்பது நன்றியின் முதற்படி அன்றோ? அந்த இனிமை எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தால், அதன் காரணங்களுள் இரண்டு தெளிவாகத் தெரிகின்றன. வீட்டுக்குள் வணக்கத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. வீட்டை நடத்துவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை வீட்டிலிருந்த அனைவரும் நேரில் கண்டார்கள். இவ்விரண்டும் நோய்க்காலத்தோடு போய்விட வேண்டியவை அல்ல என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு நாள்கள் என்று தொடங்கியது மே இறுதி வரை தொடர்ந்து நீட்டிக்கப்பட்டது. தமிழகத்தில் ஏப்ரல் 25 அன்று தொடங்கிய ரமளான் முழுவதும் அதற்குள்ளேயே கழிந்தது. மே 25 அன்று நோன்புப் பெருநாள் தொழுகையையும், ஆகஸ்ட் 1 அன்று ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையையும் வீட்டிலேயே தொழுதோம். செப்டம்பர் 1 முதல்தான் மாநிலத்தின் வழிபாட்டுத் தலங்கள் அனைத்தையும் திறக்க அரசு அனுமதித்தது. ஏறத்தாழ ஐந்து மாதங்கள் பாங்கோசை மட்டும் பள்ளிவாசலிலிருந்து வந்தது. தொழுகையோ நம் கூடத்தில் நடந்தது.

பள்ளிவாசலோடு பின்னிக் கிடந்த வாழ்வுக்கு அது பெரும் வேதனை. வாழ்நாளில் ஒரு ஜும்ஆவையும் விட்டறியாத முதியவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலில் குளித்து, வெள்ளாடை உடுத்தி, அத்தர் பூசிக்கொண்டு, போக இடமின்றித் திண்ணையில் அமர்ந்திருந்ததை நம் ஊர்கள் கண்டன. ஆனால் மார்க்கத்தில் இத்தகைய நிலைக்கு வழிகாட்டல் இல்லாமல் இல்லை. கடும் மழை நாளில், தொழுகைக்கு வருமாறு அழைக்கும் இடத்தில் அவரவர் வீட்டிலேயே தொழுமாறு அறிவிக்கும்படி முஅத்தினிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதும், அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறையே என்று விளக்கியதும் புகாரியில் பதிவாகியுள்ளன. அதைப் பின்பற்றியே 2020 மார்ச்சில் குவைத்தின் பள்ளிவாசல்களில் பாங்கின் வாசகம் மாறி ஒலித்தது.

இதைவிட நம் நிலைக்கு நெருக்கமான ஒரு நிகழ்வும் புகாரியில் உண்டு. இத்பான் பின் மாலிக் (ரலி) அவர்கள் மதீனத்து அன்ஸாரிகளில் ஒருவர். தம் கூட்டத்தாருக்கு இமாமாக நின்று தொழுவித்தவர். அவருடைய பார்வை மங்கிவிட்டது. மழை பெய்தால் இடையிலுள்ள பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடும். அவரால் பள்ளிவாசலை அடைய முடியாது. நபியவர்களிடம் வந்து தம் நிலையைச் சொல்லி, தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழ வேண்டும் என்றும், அவ்விடத்தையே தாம் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாகவும் வேண்டினார். மறுநாள் வெயில் ஏறிய பொழுதில் நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் வந்தார்கள். அனுமதி பெற்று உள்ளே நுழைந்தவர்கள், அமர்வதற்கு முன்பே, வீட்டில் எவ்விடத்தில் தொழ விரும்புகிறீர் என்று கேட்டார்கள். இத்பான் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே அனைவரும் அணிவகுத்து இரண்டு ரக்அத் தொழுதார்கள். பின்னர் வீட்டார் தாங்கள் சமைத்து வைத்திருந்த உணவை உண்ணுமாறு நபியவர்களை இருக்கச் செய்தனர். இறைச்சித் துண்டுகளை வேகவைத்து மாவு சேர்த்துச் சமைக்கும், கஞ்சி போன்ற எளிய உணவு அது.

வெள்ளம் தடுத்தது, வீட்டின் ஒரு மூலை தொழுமிடமானது, அடுப்பில் ஒரு கஞ்சி இருந்தது. 2020-இன் ரமளானில் நம் வீடுகளில் நடந்ததும் இதுவே.

அந்த ரமளானில் கூடத்தின் நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கி, கிப்லாவை நோக்கிப் பாய் விரித்தோம். ஹாஃபிழான மகன் இருந்த வீட்டில் அவன் இமாமாக நின்றான். மற்ற வீடுகளில் வாப்பாவோ அத்தாவோ முன் நின்று, அலம்தர சூராவிலிருந்து கடைசி சூரா வரையுள்ள பத்தையும் ஓதித் தராவீஹ் தொழுவித்தார்கள். பையன்கள் அடுத்த வரிசையிலும், உம்மாவும் பெண்மக்களும் அதற்குப் பின்னும் நின்றார்கள். நம் ஊர்கள் பலவற்றில் பெண்கள் தராவீஹுக்குத் தனியிடம் உண்டு. இல்லாத ஊர்களும் உண்டு. எவ்வாறாயினும் கணவர் ஓத மனைவி பின்னின்று கேட்பதும், தந்தை கேட்கும் துஆவுக்கு மகள் ஆமீன் சொல்வதும் பல வீடுகளுக்குப் புதிய அனுபவமாக இருந்தன. குழந்தைகளுக்குத் தொழுகை என்பது வாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே சென்று செய்துவரும் காரியமாக இருந்தது. அந்த ஒரு மாதம் அது வீட்டிலேயே, கண்ணெதிரே, தங்களையும் சேர்த்துக்கொண்டு நடந்தது. எத்தனை அறிவுரைகளாலும் ஏற்படுத்த முடியாத பழக்கத்தை அந்தக் காட்சி ஏற்படுத்தியது.

இனி, அடுப்பின் பக்கம் வருவோம்.

நோன்புக் கஞ்சி தமிழ் முஸ்லிம்களின் பொதுச் சொத்து. லுஹர் முடிந்ததும் பள்ளிவாசலின் பெரிய தேக்சாவில் கஞ்சி கொதிக்கத் தொடங்கும். அஸருக்குப் பின் பிள்ளைகள் தூக்குவாளியுடன் வரிசையில் நிற்பார்கள். அந்த ஆண்டு தேக்சா ஏறவில்லை. கஞ்சிக்காகத் தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு வழங்கும் பச்சரிசி, அவ்வாண்டு 5,450 டன், சிறு பொட்டலங்களாக வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கப்பட்டது. இருநூறு பேருக்குக் காய்ச்சிய கஞ்சியை ஐந்து பேருக்குக் காய்ச்ச வேண்டியதாயிற்று. எத்தனை கைப்பிடி நொய், எவ்வளவு பாசிப்பருப்பு, வெந்தயம் எப்போது போடுவது, தேங்காய்ப்பாலை எப்போது ஊற்றி இறக்குவது என்று நன்னிமார்களிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் சமைத்தோம். முதல் நாள் நீர்த்தது. மூன்றாம் நாள் குழைந்தது. பத்தாம் நாள் பள்ளிவாசல் கஞ்சியின் மணம் வீட்டிலும் வந்தது.

அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவர் யார்? பெரும்பாலும் நோன்பு வைத்திருந்த ஒரு பெண். பின்னிரவில் மூன்று மணிக்கு எழுந்து ஸஹர் உணவைச் சமைத்தவரும் அவரே. பள்ளி மூடப்பட்டதால் பகல் முழுவதும் வீட்டில் இருந்த சிறுபிள்ளைகளுக்கு உணவளித்தவரும், கபசுரக் குடிநீரைக் கொதிக்க வைத்தவரும், இரவு தராவீஹுக்குப் பின் பாத்திரங்களைத் துலக்கியவரும் அவரே. முன்பும் இவை நடந்துகொண்டுதான் இருந்தன. காலையில் கடைக்கும் அலுவலகத்துக்கும் சென்றுவிடும் ஆண்கள் அதன் விளைவை மட்டுமே கண்டிருந்தனர். ஊரடங்கில் அந்த உழைப்பையே நாள் முழுதும் கண்டனர். வீட்டின் சுகம் என்று நாம் பெயரிட்டு அழைப்பது வேறொருவரின் முதுகுவலி என்பது அப்போது புரிந்தது.

புரிந்தவர்கள் கை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பூண்டு உரித்த வாப்பாமார்கள், வடைக்குப் பருப்பு அரைத்த இளைஞர்கள், இஃப்தார் விரிப்பை மடித்து இடத்தைக் கூட்டிய சிறுவர்கள் என நம் வீடுகளில் புதிய காட்சிகள் பல அரங்கேறின. அவை புதியவையாகத் தோன்றியது நம் வழக்கத்தால்தான். சுன்னத்தில் அவை பழையவை. நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் அதற்காகப் புறப்படுவார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதாகவும் அறிவிப்பு உண்டு. ஓர் அரசையே நடத்திய அந்தத் தூதருக்கு இல்லாத கௌரவக் குறைவு, நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

வீடு இனிமையாக இருக்க இடம் வேண்டுமே, ஒற்றை அறையில் ஆறு பேர் அடைந்து கிடந்தவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாள்கூலி நின்றுபோன வீட்டில் ஊரடங்கு பசியாகவே இருந்தது. வளைகுடாவின் விடுதி அறையில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு வாழ்ந்த நம் சகோதரர்களுக்குத் தனிமைப்படுத்திக்கொள்ளவும் இடமில்லை. அவர்களுடைய துன்பத்தைச் சுகம் என்று பூசி மெழுக நாம் விரும்பவில்லை. பசித்த வீட்டுக்கு அரிசியும், வாடகை தர முடியாதவருக்கு உதவியும்தான் முதலில் செல்ல வேண்டும்; அறிவுரை பிறகு போகட்டும். ஆனால் இடவசதி ஒன்றே இனிமையைத் தருவதும் இல்லை. நபியவர்கள் இரவில் தொழும்போது, படுத்திருந்த ஆயிஷா (ரலி) அவர்களின் கால்கள் ஸஜ்தா செய்யும் இடத்தில் இருக்கும். மெல்லத் தொட்டதும் அவர்கள் கால்களை மடக்கிக்கொள்வார்கள். அந்த அறையில் அன்று விளக்கும் இல்லை. உலகிலேயே பரக்கத் மிகுந்த வீடு அத்துணைச் சிறியது.

வேறொரு ஐயமும் எழலாம். வீட்டுத் தொழுகையை இவ்வளவு புகழ்ந்தால் பள்ளிவாசல் வெறிச்சோடாதா? ஃபர்ளான தொழுகையை ஜமாஅத்தோடு தொழுவதன் சிறப்பு நாம் அறியாததன்று. பள்ளிவாசல் திறந்ததும் கண்ணீரோடு ஓடியவர்கள் நாம். ஆயினும் ரமளான் இரவுகளில் நபியவர்களுக்குப் பின்னால் மக்கள் திரண்டபோது, சில இரவுகளுக்குப் பின் நபியவர்கள் வெளியே வராமல் இருந்துவிட்டு, கடமையான தொழுகை தவிர மற்றவற்றை வீட்டில் தொழுவதே மேலானது என்று விளக்கினார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் மக்களை உபை பின் கஅப் (ரலி) அவர்களின் பின்னால் ஒரே ஜமாஅத்தாக ஒன்று திரட்டினார்கள். இரண்டும் நம் மரபே. பள்ளிவாசலுக்கு அதன் பங்கு. வீட்டுக்கு அதன் பங்கு. தொழுகை இல்லாத வீட்டை அடக்கத்தலத்தோடு ஒப்பிட்டு நபியவர்கள் எச்சரித்திருப்பதை நாம் எளிதாக எடுத்துக்கொள்ளலாகாது.

இன்று நிலை என்ன? ஒதுக்கிய நாற்காலிகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. பாய் சுருட்டப்பட்டு அலமாரியின் மேல் ஏறிவிட்டது. பூண்டு உரித்த கைகள் மீண்டும் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டன. கஞ்சி பள்ளிவாசலிலிருந்து வந்துவிடுகிறது. மற்றவை அனைத்தும் பழையபடி ஒருவர் தலையிலேயே விழுகின்றன. ஐந்து மாதங்கள் வீட்டுக்குக் கிடைத்த மரியாதையை நாம் திரும்ப எடுத்துக்கொண்டால், அந்தச் சோதனையிலிருந்து நாம் பெற்ற பாடம்தான் என்ன?

பெரிய திட்டங்கள் தேவையில்லை. இத்பான் (ரலி) அவர்கள் செய்தது போல் வீட்டில் ஒரு மூலையைக் குறித்து வைப்போம். ஒரு முஸல்லா விரிக்கும் அளவு போதும். அங்கே ஒரு குர்ஆனும் ரிஹாலும் இருக்கட்டும். பள்ளிவாசலில் ஃபர்ளு முடிந்ததும் சுன்னத்தை வீட்டுக்கு வந்து பிள்ளைகள் பார்க்கத் தொழுவோம். வாரத்தில் ஓர் இரவேனும் குடும்பத்தார் அனைவரும் அந்த மூலையில் அமர்ந்து ஓதுவோம். ரமளானில் இஃப்தார் விரிப்பும் பாத்திரங்களும் ஆண்களின் பொறுப்பு என்று வீட்டுக்கு வீடு முடிவு செய்வோம். வாரம் ஒருமுறை ஸஹர் உணவை மகன்கள் சமைக்கட்டும். உம்மா அன்று அரைமணி நேரம் கூடுதலாக உறங்கட்டும், அல்லது தஹஜ்ஜுதில் நிற்கட்டும். அடுப்பின் முன் அவர் இழந்த வணக்கத்தின் இன்பம் அன்றாவது அவருக்குக் கிடைக்கும்.

நம் வீடுகளை ஸஜ்தாக்களால் ஒளிபெறச் செய்வாயாக. அவற்றைத் தம் உழைப்பால் தாங்கி நிற்போரின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக. அந்த நோயில் எங்களை விட்டுப் பிரிந்தோரின் மண்ணறைகளை விசாலமாக்குவாயாக என்று வல்ல ரஹ்மானிடம் வேண்டுவோம். ஆமீன்.