கௌரிக்கு எத்தனை எழுத்து?

காசு விஷயத்தில் அம்மா யாரிடமும் தலைகுனிந்து நின்று நான் பார்த்ததில்லை. இந்தத் தைப்பூசத்தில் அதையும் பார்த்துவிட்டேன். அதற்குக் காரணம் ஓர் எழுத்து. அதுவும் நம் தமிழ் எழுத்து.

டத்தோ கிராமாட்டில் தைப்பூச வாரம் எப்படி இருக்கும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் வழி எங்கள் சாலை. சாலையோரமெல்லாம் தண்ணீர்ப் பந்தல், குவித்துவைத்த தேங்காய், ஒலிபெருக்கி. அம்மாவுக்கு அது அடுப்படி வாரம். விரதம் இருப்பவர்களுக்கும் பந்தல்காரர்களுக்கும் வீட்டிலேயே சைவச் சாப்பாடு செய்து கொடுப்பார். இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கிற வேலை. கணக்கெல்லாம் நம் ஊர் 555 நோட்டுப் புத்தகத்தில்தான். அந்தக் குட்டிப் புத்தகத்தில் இதுவரை ஒரு வெள்ளி கூட தவறியதில்லை என்பது அம்மாவின் பெருமை.

அந்தப் பெருமைக்குள் கணினி நுழைந்தது போன தீபாவளியில். என் அக்கா மகன் கணினித் துறையில் டிப்ளோமா படிக்கிறான். "பாட்டி, இனிமே நோட்டுப் புத்தகம் வேணாம். நான் ரசீது அடிச்சுத் தரேன்" என்று ஒரு சின்ன ரசீது இயந்திரத்தோடு வந்தான். மினிமார்க்கெட்டில் வெப்பத்தாளில் துண்டு ரசீது அடித்துக் கொடுப்பார்களே, அந்த வகை. அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"தமிழ்ல வரணும்யா. நானே படிக்க முடியாத காகிதத்தை இன்னொருத்தர் கையில எப்படிக் கொடுப்பேன்?"

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அம்மா. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பையனும் "அதுக்கென்ன பாட்டி, ஒரு நாள் வேலை" என்றான். மூன்று வாரம் ஆனது.

முதல் நாள் ரசீதில் சாம்பார் சாதம் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்தது. அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் எழுத்துகளில் தமிழ் கிடையாது. சரி, எழுத்தாக அனுப்பாமல் படமாக வரைந்து அனுப்புவோம் என்று மாற்றினான். தமிழ் வந்தது. ஆனால் விலைகள் தாளில் கோணல்மாணலாக நின்றன. தயிர் சாதத்தின் விலை இடப்பக்கம், உருளைக்கிழங்குப் பொரியலின் விலை வலப்பக்கம். எது எதன் விலை என்று விரல் வைத்துத் தேட வேண்டியிருந்தது.

"ஆங்கிலத்துல போட்டா நேரா நிக்குது சித்தி. தமிழ்ல மட்டும் ஆடுது" என்றான் பரிதாபமாக.

அன்று இரவு அவனோடு உட்கார்ந்து பேசியதில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்த வாரக் கட்டுரை.

நிரல் எழுதுகிறவர்களின் திரையைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள எழுத்துகள் பழைய தட்டச்சுக் காகிதத்தைப் போல இருக்கும். அவற்றைச் சம அகல எழுத்துரு என்று சொல்லலாம். ஒல்லியான ‘ஐ’ எழுத்துக்கும் குண்டான ‘டபிள்யூ’ எழுத்துக்கும் ஒரே அளவு இடம். இடம் சமமாக இருப்பதால் வரிக்கு வரி எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் கண்ணில் படும். 58 மில்லிமீட்டர் ரசீதுத் தாளிலும் இதே கணக்குதான். அதன் அகலம் 384 புள்ளி. ஓர் எழுத்துக்கு 12 புள்ளி என்றால் வரிக்கு 32 எழுத்து. பெயருக்கு இருபது, விலைக்கு பன்னிரண்டு என்று பிரித்துவிட்டால் போதும், எல்லாம் நேராக வரும்.

இந்தப் பழக்கம் தட்டச்சு இயந்திரத்திலிருந்து வந்தது. எந்த விசையைத் தட்டினாலும் வண்டி ஒரே அளவு நகரும். அதனால் எழுத்தும் அந்த அளவுக்குள் அடங்கியாக வேண்டும். 1950-களில் ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் எழுத்துரு அப்படிப் பிறந்ததுதான். இன்று கன்சோலாஸ், ஃபிரா கோட், ஜெட்பிரெயின்ஸ் மோனோ என்று நிரலாளர்களுக்கென்றே பல எழுத்துருக்கள் உள்ளன. அவற்றை வரைகிறவர்கள் அதிகம் மெனக்கெடுவது அழகுக்காக அல்ல. சுழியமும் ‘ஓ’ எழுத்தும் குழம்பக்கூடாது என்று சுழியத்துக்குள் ஒரு புள்ளியோ கோடோ போடுவார்கள். ஒன்று என்ற எண்ணும், சின்ன ‘எல்’ எழுத்தும், பெரிய ‘ஐ’ எழுத்தும் ஒரே குச்சியாகத் தெரியாமல் காலும் தலையும் வைப்பார்கள்.

தமிழுக்கு இந்தச் சட்டை ஏன் பொருந்தவில்லை? முதல் காரணம் உடல்வாகு. ‘ர’ ஒல்லி. ‘ண’, ‘ஞ’ அகலம். ‘ணை’ இன்னும் அகலம். பையன் எல்லாவற்றையும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடைத்து ஒரு ரசீது அடித்தான். ‘ர’ பெரிய வீட்டில் தனியாக இருப்பவர்போல நின்றது. ‘ணெ’ பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேர் போல நசுங்கியது. அம்மா தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா, எழுத்துக்கெல்லாம் மூச்சு முட்டுது" என்றார்.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. நமக்கு 247 எழுத்து என்று பள்ளியில் படித்தோம். யூனிகோடில் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிரெழுத்து, அகரமேறிய மெய், துணைக்குறி, புள்ளி என்று உடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. பைத்தான் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நீளம் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து என்றுதான் பதில் வரும். பையனின் நிரல் ஐந்துக்கு இடம் ஒதுக்கியது, தாளில் மூன்றுதான் விழுந்தது. விலை ஆடியது அதனால்தான்.

இந்தச் சிக்கலோடு முதலில் மல்லுக்கட்டியவர்களில் ஒருவருக்கு நம் மண்ணோடு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, பிழைப்புக்காக மலாயாவுக்கு வந்த ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கியவர். 247 எழுத்துக்கும் விசை வைத்தால் இயந்திரம் மேசையைவிடப் பெரிதாகிவிடும். அவர் கண்ட வழிகளில் ஒன்று நகரா விசை. புள்ளிக்கான விசையை அழுத்தினால் புள்ளி விழும், வண்டி நகராது. பிறகு மெய்யெழுத்தைத் தட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளும். துணைக்குறிக்கு தனி இடம் கொடுக்காதே என்ற அந்த யோசனையை, இன்றைய திரைகளும் வேறு விதத்தில் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

அடுத்த தலைமுறையிலும் மலேசியாவின் பங்கு சின்னதல்ல. கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் கருவிகளில் நாம் படிக்கும் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவில் உள்ள ‘எம்என்’ அவர் பெயரின் தலைப்பெழுத்துகள். அவருடைய செல்லினம் 2005 பொங்கலின்போது சிங்கப்பூர் ஒலி 96.8 வழியாக அறிமுகமானது என்பதில், வானொலிக்காரியான எனக்குக் கொஞ்சம் கூடுதல் மகிழ்ச்சி.

சரி, ரசீது என்னவானது? பையன் எழுத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டான். பெயரை அதன் இயல்பான அகலத்திலேயே இடது ஓரத்தில் தொடங்கினான். விலையைத் தாளின் 384-ஆவது புள்ளியிலிருந்து உள்நோக்கி அளந்து, வலது ஓரத்தில் நிறுத்தினான். எண்களுக்கு மட்டும் சம அகல எழுத்துரு. நேராக நிற்க வேண்டியவை எண்கள்தானே? சாம்பார் சாதம் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன! ரசீது அழகாக வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே இரண்டு நாள் வைத்திருந்தார்.

அதன் பிறகுதான் தைப்பூசம் வந்தது.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர். பெயரை மாற்றி எழுதுகிறேன், கௌரி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த ‘கௌ’ மட்டும் நிஜம். 180 வெள்ளிக்குச் சாப்பாடு சொல்லி, 50 வெள்ளி முன்பணம் அனுப்பியிருந்தார். சாப்பாட்டை எடுக்க வந்த அன்று ரசீது 180 என்றது.

"அக்கா, நான் 50 கொடுத்திருந்தேனே?"

அம்மா தாளைப் பார்த்தார். "இதுல இல்லையேம்மா."

அவர் வாதாடவில்லை. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வாதாடியிருந்தால்கூட பரவாயில்லை.

இரவு வேலை முடிந்து வந்தபோது அம்மா விஷயத்தைச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அந்த முன்பணத்தைப் பட்டியலில் பதிந்தவளே நான்தான். பட்டியலைத் திறந்தோம். அதில் இரண்டு கௌரி. ஒருவர் பெயரில் முன்பணம், இன்னொருவர் பெயரில் சாப்பாடு. எத்தனை முறை பார்த்தாலும் இரண்டும் ஒரே பெயர். அம்மா பேரனிடம் கோபப்படவில்லை. "வேணாம்யா, மெஷினை எடுத்து வச்சிடு" என்றார் மெதுவாக. அவன் முகம் சுருங்கிவிட்டது. நிரலில் எங்கே பிழை என்று நள்ளிரவு வரை தேடினான்.

கடைசியில் இரண்டு பெயரையும் எடுத்து, நீளம் எவ்வளவு என்று கணினியைக் கேட்டான். ஒன்று நான்கு என்றது. மற்றொன்று ஐந்து.

நான்கு சரி. க, ஔகாரக் குறி, ர, இகரக் குறி. அது அவன் பதிந்தது. ஐந்து என்னுடையது. அவசரத்தில் கைத்தொலைபேசியில் ஔகாரக் குறி கண்ணில் படாமல், ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டிருக்கிறேன். கௌரி, கெளரி. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. காற்றலையில் நேயர்களின் உச்சரிப்பைத் திருத்துகிற நான், எழுத்தில் ஓர் ‘ள’கரத்தை ஔகாரமாக்கி, பழியைப் பிள்ளையின் தலையில் வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் அம்மா 50 வெள்ளியை உறையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "என் மேலதாம்மா தப்பு" என்று அம்மா சொன்னபோது, குறுக்கிட்டு, "இல்லை, என் மேல்" என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பையனிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சித்தி, சுழியமும் ‘ஓ’வும் மாதிரிதானே" என்றான். அவன் திரையில் இருந்த எழுத்துரு சுழியத்தை அவ்வளவு அக்கறையாகப் பிரித்துக் காட்டுகிறது. தமிழ் வந்ததும் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லாததால் கணினி வேறொன்றிலிருந்து கடன் வாங்கிக் காட்டியது. அங்கே ‘ள’வையும் ஔகாரத்தின் பின்பகுதியையும் பிரித்துக் காட்ட யாரும் புள்ளி வைக்கவில்லை.

இப்போது நிரல் ஒரு கேள்வி கேட்கிறது. எகரக் கொம்புக்குப் பின்னால் குறியோ புள்ளியோ இல்லாத ‘ள’ வந்தால், "இது ஔகாரமா?" என்று நிற்கும். தானாக மாற்றாது. "தானா மாத்தினா என்ன?" என்றேன். "மாத்தறதுக்கு முன்னாடி மனுஷங்களைக் கேக்கணும் சித்தி. முதல்ல ‘ள’ன்னு இருந்தாலே மாத்தற மாதிரிதான் எழுதினேன், கெளுத்தி மீன் கௌத்தியா ஆகப் பார்த்துச்சு" என்றான். சைவச் சாப்பாட்டுக் கணக்கில் கெளுத்தி எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டார். அதோடு, ஆளை அடையாளம் காண இனி பெயரில்லை, தொலைபேசி எண்தான். பெயர் ரசீதில் படிப்பதற்கு மட்டும்.

தமிழில் நிரலோ கணக்கோ எழுதும் தம்பி தங்கைகளுக்கு அவன் சார்பில் சில வார்த்தை. எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது ஆங்கிலச் சுழியத்தை மட்டும் பார்க்காதீர்கள். ர, ா, ன, ண, எ, ஏ, ஒ, ஓ, கல, கல், கௌ, கெள என்று ஒரு வரி தட்டுங்கள். நீங்கள் வழக்கமாக வைக்கும் சின்ன அளவிலேயே பாருங்கள். புள்ளி தெரிகிறதா? ஏகாரத்தின் கால் தெரிகிறதா? கொம்பும் சுழியும் மேல்வரியை இடிக்கிறதா? இடித்தால் வரி இடைவெளியைக் கூட்டுங்கள். பல நிரல் எழுதிகளில் இரண்டு எழுத்துருவை வரிசையாகக் கொடுக்கலாம். ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு நீங்களே தேர்ந்த இன்னொன்று. கணினி கொடுக்கும் கடனை வாங்காதீர்கள். தமிழ் எழுத்துகளைத் தமிழ் முறையில் எண்ண ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவச நிரலகம் பைத்தானில் இருக்கிறது. மூன்று எழுத்தை மூன்று என்றே சொல்லும்.

அம்மா மெஷினைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் 555 புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது. ரசீது வந்ததும் இரண்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளர் கையில் கொடுக்கிறார். பையனும் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை.

உங்கள் தொலைபேசியில் ஒரு கௌரியோ கௌசல்யாவோ கௌதமோ தமிழில் பதிவாகி இருக்கிறார்களா? இன்று ஞாயிற்றுக்கிழமைதானே, ஒருமுறை ஔகாரம் போட்டுத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், என்னைப் போல் நீங்களும் ஒரு ‘ள’ போட்டிருக்கிறீர்கள்.