தண்டுவடமே முதல் கேள்வி

1970-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மருத்துவர் ராபர்ட் ஒயிட் ஒரு குரங்கின் தலையை இன்னொரு குரங்கின் உடலில் பொருத்தினார். அந்தக் குரங்கால் பார்க்கவும் கேட்கவும் முடிந்தது. உடலை அசைக்க முடியவில்லை. சில நாள்களில் இறந்தது. 2017-இல் இத்தாலிய மருத்துவர் செர்ஜியோ கனவேரோ, சீனாவில் சடலங்களில் தலைமாற்று அறுவை செய்யப்பட்டதாக அறிவித்தார். உயிரற்ற உடல் எதையும் நிரூபிக்காது.

ரத்தக் குழாய்களைத் தைத்துவிடலாம். அறுபட்ட தண்டுவடத்தை மீண்டும் முழுமையாக இயங்கவைக்கும் வழி இன்னும் இல்லை. ரத்த ஓட்டம் நின்றால் மூளை சில நிமிடங்களே தாங்கும். குளிரூட்டினால் சற்றே அவகாசம் கிடைக்கும். புதிய உடலும் தலையும் ஒன்றையொன்று நிராகரிக்காதிருக்க ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும்.

நோயாளியின் நம்பிக்கையைப் பரிசோதனைப் பொருளாக்குவது அறமல்ல. தண்டுவடம் சிதைந்து படுக்கையில் கிடப்போரை எழுப்பி நடக்கவைக்கும் ஆய்வுக்கே நிதியும் உழைப்பும் முதலில் செல்ல வேண்டும்.