கடல் மீனைத் தொட்டி மாற்றும்போது



கோமாளி மீன் வளர்க்கும் அக்கா ஒருவர் கடந்த மாரியில் பெரிய தொட்டி வாங்கினார். பழைய கல், மணல், வடிகட்டிப் பஞ்சு எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அன்றே ஆறு குஞ்சுகளையும் மாற்றினார். ஒரு கிழமைக்குள் ஆறும் செத்தன. “என்ர கைராசி அப்படி, தங்கச்சி” என்றார். புருசனை இழந்தவள் என்று ஊர் சொல்வதை அவரும் நம்பிவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை மாற்றும் பக்ரீரியாக்கள் தண்ணீரில் அதிகம் இல்லை. கல்லிலும் மணலிலும் பஞ்சிலும்தான் ஒட்டியிருக்கும். குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். ஆகவே கல்லையும் பஞ்சையும் காயவிடாமல், பழைய தொட்டியின் கடல்நீரிலேயே வைத்து மாற்றுங்கள். மணலின் அடியில் அழுக்கு இருக்கும், அதை மட்டும் கடல்நீரில் அலசினால் போதும். எல்லாமே புதிதென்றால் தொட்டி பழக 4 முதல் 6 கிழமை வரை பிடிக்கும். அவசரப்படாதீர்கள்.

மாற்றும்போது மீனைப் பையோடு 15 நிமிடம் புதுத் தொட்டியில் மிதக்க விடுங்கள். இரண்டு நீரின் உப்பளவையும் பார்த்து, புதுநீரைப் பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைநீரை ஊற்ற வேண்டாம். அன்று விளக்கும் வேண்டாம்.

அக்கா இப்போது இரண்டு குஞ்சுகளோடு திரும்பத் தொடங்கியிருக்கிறார். வடிகட்டியில் என்னைக்கூடக் கைவைக்க விடுவதில்லை.