பிரித்துப் பார்க்காமல் போட்ட கணக்கு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

“எவ்வளவு ஆகும்?” பழைய பொருளைப் பழுது பார்க்கக் கொண்டுபோகிற எவரும் முதலில் கேட்பது இதைத்தான். சட்டென்று ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறவனைக் கெட்டிக்காரன் என்கிறோம். பழசைப் பொறுத்தவரை அவன்தான் ஆபத்தானவன் என்பது என் கருத்து. இதற்கு ஒரு பாய்மரக் கப்பலின் கதையே சாட்சி.

ஜெர்மன் கடற்படையின் பயிற்சிக் கப்பல் ‘கோர்ச் ஃபோக்’. மூன்று பாய்மரங்கள், எஃகு உடல், சுமார் 89 மீட்டர் நீளம். 1958-ல் ஹாம்பர்க் நகரில் கட்டியது. கடற்படை அதிகாரிகளாகப் போகும் இளைஞர்கள் பாய் விரிக்கவும் கயிறு இழுக்கவும் இதில்தான் பழகுகிறார்கள். 2016-ல் இதைப் பழுது பார்க்க ஆரம்பித்தபோது போட்ட மதிப்பீடு சுமார் 1 கோடி யூரோ. சில மாதங்களில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். கப்பல் கடற்படைக்குத் திரும்பியது 2021-ல். செலவு சுமார் 13.5 கோடி யூரோ! பதிமூன்று மடங்கு!

இடையில் முறைகேடு நடந்திருக்குமோ என்று சந்தேகம் கிளம்பி, 2018 டிசம்பரில் பணம் கொடுப்பதையே நிறுத்தினார்கள். வேலை எடுத்திருந்த கப்பல் பட்டறை 2019-ல் திவாலானது. வேறொரு நிறுவனம் வந்துதான் முடித்துக் கொடுத்தது.

முறைகேடு மட்டும்தான் காரணம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பிரிக்கப் பிரிக்கப் பழுது பெருகியது. வெளித் தகடுகளில் பெரும்பகுதியை மாற்ற வேண்டியதாயிற்று. மேல்தளத்தையும் புதிதாகப் போட்டார்கள். கப்பலின் நிலையை முதலிலேயே முழுக்க ஆராயவில்லை என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறையும் குறை சொன்னது. தகட்டின் கனத்தை அல்ட்ராசானிக் கருவி வைத்து அளந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அளக்கலாம்தான். ஆனால் கருவியை வைக்க இடம் வேண்டுமே! பலகையும் தொட்டியும் குழாயும் மறைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் துரு குடியிருக்கும்.

என் அப்பா தச்சுவேலை செய்கிறவர். எஸ்டிமேட்டிங் புத்தகம் எதையும் அவர் படித்ததில்லை. ஓட்டு வீட்டுக்காரர் எவ்வளவு ஆகும் என்று கேட்டால், “ஓட்டைப் பிரிச்சுப் பாத்தாத்தாங்க தெரியும், கைமரம் எத்தனை உளுத்திருக்குன்னு” என்பார். ஒரு நாள் கூலிக்குப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தொகை சொல்லுவார். நம் பாடப்புத்தகமோ எதிர்பாராச் செலவுக்கு 3 முதல் 5 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது. புதுக் கட்டடத்துக்கு அது சரி. எது உளுத்தது என்றே தெரியாத பழசுக்கு அது எந்த மூலைக்கு?

“அதிகமா எழுதினா சாங்ஷன் ஆகாதுப்பா. குறைச்சுக் காட்டி ஆரம்பி, மிச்சம் தானா வரும்” என்கிறவர்கள் உண்டு. வரும், ஆனால் யார் பணம்? பாதி பிரித்த கப்பலை மூடவும் முடியாது, விடவும் முடியாது. சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி, போட்ட பணத்துக்காக இன்னும் போட வேண்டிவரும். ஜெர்மனியில் அதைச் சுமந்தவர்கள் வரி கட்டும் மக்கள். சொந்தச் சேமிப்பில் பழைய பாய்ப்படகு வாங்கிச் சீர் செய்கிறவர் யாரிடம் போய்க் கேட்பார்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று உட்கார வேண்டியதுதான்.

என்ன செய்யலாம்? என் யோசனை மூன்று.

ஒன்று, இரண்டு மதிப்பீடு போட வேண்டும். முதலாவது, பிரித்துப் பார்க்க மட்டும். பார்த்த பிறகே இரண்டாவது.

இரண்டு, வேலையில் வரிசை வேண்டும். படகென்றால் தண்ணீர் உள்ளே வராமல் காப்பது முதலில்: உடல், அடியில் கனத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், கடல்நீர் வால்வுகள். அடுத்து பாய்மரமும் அதை இழுத்துப் பிடிக்கும் கம்பி வடங்களும். பிறகு எஞ்சின், மின்சாரம். மெத்தையும் உள் பெயிண்டும் கடைசியில். அழகை முதலில் செய்தால், ஒயர் இழுக்க அதையே மறுபடி பிரிக்க நேரும்.

மூன்று, இந்தத் தொகையைத் தாண்டினால் பழசை விட்டுவிட்டுப் புதுசைப் பற்றி யோசிப்போம் என்று ஆரம்பிக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். பாதி வழியில் அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனசு வராது.

நண்பர்களே! கப்பலோ, பாலமோ, பள்ளிக்கூடக் கட்டடமோ, நாளை எஸ்டிமேட்டை முதலில் எழுதப் போவது டிப்ளமோ முடித்த நம் கைதான். “கொஞ்சம் குறைச்சுப் போடப்பா” என்று மேலே இருந்து சொல்வார்கள். கூட்டியோ குறைத்தோ எழுதிவிடலாம். அந்தக் கட்டடத்துக்குக் கீழே உட்காரப் போகிறவர்களுக்கு அது தெரியாது. “பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன் சார்” என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டும். சான்றிதழோடு அதையும் எடுத்துக்கொண்டு வெளியே போவோமா?